மேனகா நடந்தால் நடைபாதை

கால் இருந்தும் நடக்க இடமில்லாத ஊர் ஒன்று உண்டு, அது எங்கள் ஊர்தான், நான் ஒன்றும் பக்கத்து ஊரைக் குறை சொல்லவில்லை. கடைக்காரன் படிக்கட்டை ரோட்டில் இறக்குவான், வீட்டுக்காரன் கார் ஏறுவதற்குச் சரிவு போடுவான், அதற்கடுத்தவன் அந்தச் சரிவை ஒட்டி ஒரு துளசிமாடம் கட்டுவான், மிச்சமிருக்கிற இடத்தில் டிரான்ஸ்பார்மரும் கரும்பு ஜூஸ் வண்டியும் நிற்கும், மனுஷன் மட்டும் லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டும். நான் கல்யாணத் தரகு பார்க்கிறவள், தனபாக்கியம் என்று கேட்டால் எந்தத் தெருவிலும் சொல்வார்கள், ஜாதகங்களைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்த அலைச்சலில் இந்த ஊரில் நான் விழாத பள்ளம் கிடையாது. என் வலது முட்டியைக் கேளுங்கள், வார்டு வாரியாகச் சொல்லும்.

அப்படிப்பட்ட ஊரில் ஏலக்காய்ச் சந்துக்கு மாநகராட்சி நடைபாதை போட ஆரம்பித்து, பாதி போட்டு, ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஞானசேகரன் வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டுப் போய்விட்டது. ஏன் நிறுத்தினார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, ஆரம்பித்ததே அதிசயம் என்று இருந்துவிட்டோம். மறுநாள் காலையில் ஞானசேகரன் மகள் மேனகா, ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற லேபில் வேலை பார்க்கிற பெண், டிபன் டப்பாவோடு கிளம்பி, கல் முடிகிற இடத்தில் இறங்கி மண்ணில் காலை வைத்தாள். கால் வைத்த இடத்தில் கல் வந்தது. அவள் நடக்க நடக்க, ஆறு மூலைக் கற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ஓரத்தில் கறுப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்த விளிம்போடு, பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் பின்னாலேயே போயின. கடைக்காரர்களின் படிக்கட்டுகள் பந்தியில் இடம் விடுகிறவர்கள் மாதிரி காலை மடக்கி உள்ளே தள்ளி உட்கார்ந்தன, டிரான்ஸ்பார்மர் கொஞ்சம் நகர்ந்து நின்றது, துளசிமாடம் மட்டும் சாமி விஷயம் என்பதால் அது இருந்த இடத்திலேயே இருக்க, பாதை அதை ஒருமுறை சுற்றிக்கொண்டு போனது. மேனகா திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

நீங்கள் என்ன நினைப்பீர்கள், ஊரே கூடி வாயைப் பிளந்திருக்கும் என்றுதானே? அதெல்லாம் ஒன்றுமில்லை. "பரவாயில்லையே, சீக்கிரமா போட்டுட்டாங்களே" என்று சொல்லிவிட்டு அவரவர் அதில் நடக்க ஆரம்பித்தார்கள். அவள் லேபுக்குப் போன வழியெல்லாம் பாதை, திரும்பி வந்த வழியெல்லாம் பாதை, மாவு அரைக்கப் போன வழியில் பாதை என்று ஆன பிறகுதான், இது மாநகராட்சி வேகம் இல்லையே என்று சிலருக்குச் சந்தேகம் வந்தது. கான்ட்ராக்டர் வந்து பாதையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். வார்டு கவுன்சிலர் தாமோதரன் தன் படம் போட்டு நன்றி பேனர் கட்டினார், அதையும் நடைபாதையை மறித்துத்தான் கட்டினார். என்ஜினியர் ஒருவர் வந்து காலால் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்து, "தரமாத்தான் இருக்கு, அதான் குழப்பமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் கூத்து. தெருத்தெருவாக ஆட்கள் வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்த தாம்பூலத் தட்டோடு ஞானசேகரன் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். "எங்க தெருவுக்கு ஒரு நடை வந்துட்டுப் போம்மா, மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்கு" என்று ஒரு கூட்டம், "ஸ்கூலுக்குப் பிள்ளைங்க அந்த வளைவுல போகுதுங்க, வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கோம்" என்று இன்னொரு கூட்டம். இன்னொரு பக்கம், பெரிய ஜவுளிக்கடைக்காரர் பட்டுப்புடவை ஒன்றைக் கொடுத்தனுப்பி, தயவுசெய்து எங்கள் கடைப் பக்கம் நடந்துவிடாதே, ஆட்டோவில் போ என்று கும்பிட்டார். மேனகா யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பெண். லேபிலிருந்து வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, இன்றைக்கு இந்தத் தெரு, நாளைக்கு அந்தத் தெரு என்று நடந்தாள், அவள் பின்னால் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள், சக்கர நாற்காலியில் வந்தவர்கள் யாரும் தள்ளிவிடாமல் தாமே உருட்டிக்கொண்டு வந்தார்கள், கண் தெரியாத பாட்டு வாத்தியார் தடியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கையை வீசி நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது, எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் நம் ஜனங்களைப் பற்றித் தெரியாதா? அவள் கொஞ்ச நாள் நடக்காத தெருவில் கல் ஆட ஆரம்பித்தது. மறுபடி ஒருமுறை அவள் நடந்தால் இறுகிக்கொள்ளும், நடக்காவிட்டால் பல் ஆடுகிற மாதிரி ஆடிக் கழன்றுவிடும். அவ்வளவுதான், தாம்பூலத் தட்டு போய் சண்டை வந்தது. "ஏம்மா, உன் கல்லு ஆடுது, எங்க வீட்டுக்காரர் தடுக்கி விழுந்தார், நீ பாட்டுக்கு இருக்கியே" என்று வீட்டு வாசலில் நின்று கத்தினார்கள். உன் கல்லாம்! ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்? அவளும் "சாரிங்க, நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு, போட்ட தெருவைப் பார்க்கவும் போடாத தெருவுக்குப் போகவுமாக ஓடினாள். நானும் ஒருமுறை அப்படிக் கத்தியிருக்கிறேன், முட்டி வலியில் மனுஷிக்கு நிதானம் இருக்குமா?

இதெல்லாம் வெளியில். வீட்டுக்குள் நடந்ததுதான் பெரிய கொடுமை. வாசலைத் தாண்டினால் நின்றுவிடும் என்றுதானே நினைப்போம், நிற்கவில்லை. மேனகா ஹாலில் நடந்தால் ஹாலில் பாதை, சமையல்கட்டில் நடந்தால் அங்கே பாதை, கொல்லைப்புறம் போனால் கொல்லை வழியாகப் பின்தெரு வரைக்கும் பாதை. நடைபாதை என்று ஆகிவிட்டால் அது பொதுதானே, ஜனங்கள் அதில் நடக்க ஆரம்பித்தார்கள். கண்டக்டர் வீட்டு வழியாகப் போனால் காய்கறி மார்க்கெட் கிட்டக்க என்று தெரிந்ததும் கேட்க வேண்டுமா? பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அடுப்பை எட்டிப் பார்த்து, "என்ன குழம்பு?" என்று மேனகா அம்மாவைக் கேட்பார்கள். டி.வி. பக்கத்தில் ஒரு சோளக்கருது வண்டி நின்றுவிட்டது. குளியலறைக் கதவைத் தட்டி, "இந்தப் பக்கம் வழி இருக்குங்களா?" என்று கேட்டார்கள், உள்ளே அந்தப் பெண் ஈரத்தோடு நின்று "இல்லைங்க, இல்லைங்க" என்பாள். ஞானசேகரன் ஏதாவது சொன்னாரா? எங்கே? காலமெல்லாம் பஸ்ஸில் ஆள் ஏற்றியவர். "பப்ளிக்கை எப்படிம்மா இறக்கிவிடுறது?" என்பார். கூட்டம் சேர்ந்தால் பழக்க தோஷத்தில், "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று கையைக் காட்டுவார்.

கட்டிலில் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் பாதை வராது, அப்பா மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனால் வராது, காலைத் தரையில் வைத்தால்தான் வரும். வாஸ்தவம். ஆனால் ஒரு மனுஷி எத்தனை நேரம் காலைத் தரையில் வைக்காமல் இருப்பாள், சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் யாரும் அவளை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. தெருவுக்கு வா என்று ஊரே கூப்பிட்டது, வீட்டுக்கு வா என்று ஒரு நாதி கூப்பிடவில்லை. இப்படி ஒரு பெண்ணுக்கு வரன் பாருங்கள் என்று ஞானசேகரன் என்னிடம் வந்து நின்றார்.

நான் யார்? செவ்வாய் தோஷத்துக்கும் மூல நட்சத்திரத்துக்கும் வழி கண்டவள். நடைபாதைக்கு என்ன வழி என்று எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது? போன இடமெல்லாம், "பொண்ணு தங்கம்தான், ஆனா வீடு ரோடாயிடுமே" என்று கையை விரித்தார்கள். கடைசியில் மண்டித் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கிற பிரபாகர் என்கிற பையன், அவள் நடந்து போவதைப் பார்த்தே மனசைப் பறிகொடுத்தவன், கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். அவன் அம்மா பத்மாவதியைப் பார்க்கப் போகும்போது செருப்பைத் தெருமுனையிலேயே கழற்றிவிட்டேன். அந்தம்மா வீட்டுத் தரையில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடலாம், அப்படித் துடைத்து வைத்திருப்பார். பால்காரன் கூட வாசலில் காலைத் தட்டிவிட்டுத்தான் கூப்பிடுவான்.

பத்மாவதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தாலி ஏறினா அவ கால் எங்க வீட்டுக் கால். எல்லாம் நின்னுடும், நீங்க நாள் பாருங்க."

ஜோசியரும் அதையே சொன்னார், மேனகாவின் அம்மாவும் அதையே சொன்னார், யோசித்துப் பார்த்தால் எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டியதும் எத்தனையோ நின்றுபோய் நான் பார்த்திருக்கிறேன், படிப்பு நிற்கும், பாட்டு நிற்கும், வேலை நிற்கும், இது மட்டும் நிற்காதா?

இந்தப் பேச்சு ஊருக்குள் பரவியதும் ஊர் குழம்பிப் போனது. குடியிருப்போர் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். கல்யாணம் நடந்தால் பாதை நின்றுவிடும், ஊர் என்ன ஆவது என்று ஒரு கட்சி. ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குக் குறுக்கே நிற்கலாமா, பாவம் இல்லையா என்று ஒரு கட்சி. நிற்காமல் இருக்கட்டும், ஆனால் கல்யாணமும் நடக்கட்டும் என்று, எதைச் சொல்கிறோம் என்று தெரியாமலே ஒரு கட்சி. முதல் கட்சியில் கத்திய ஆளே எழுந்து போய் இரண்டாவது கட்சியில் உட்கார்ந்து கத்தினார். கடைசியில் தாமோதரன் ஒரு யோசனை சொன்னார்: பெண் அழைப்பைக் காரில் வைக்க வேண்டாம், பெண் நடந்தே வரட்டும், பாக்கி இருக்கிற தெரு எல்லாவற்றையும் சுற்றி வரட்டும், கடைசி முறையாக ஊருக்கு ஒரு நன்மை. கூட்டம் கை தட்டியது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று இதைத்தான் சொல்வார்கள்.

அப்படித்தான் பெண் அழைப்பு நடந்தது. வாணவேடிக்கை, பேண்டு வாத்தியம், கழுத்து கொள்ளாத மாலை, ஜவுளிக்கடைக்காரர் கொடுத்தனுப்பிய அந்தப் பட்டுப்புடவையோடு மேனகா நடந்தாள், தெருவுக்குத் தெரு ஆரத்தி எடுத்தார்கள், "இப்படி ஒரு சந்து இருக்கும்மா, இதையும் முடிச்சிடு" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள், மழை வேறு தூறியது, ஊர்வலம் போகப் போக ஊரின் மூலைமுடுக்கெல்லாம் கல் பூத்துக்கொண்டே போனது, வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் தடி ஊன்றியவர்களும் இரண்டு பக்கமும் நின்று அவளை வாழ்த்தினார்கள், வாழ்த்தியது பொய்யில்லை, மனசார வாழ்த்தினார்கள், அதனால்தான் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மண்டபத்து வாசலில் அவளுடைய தாய்மாமன் அவளைத் தூக்கிக்கொண்டு போய் மணமகள் அறைக் கட்டிலில் உட்கார வைத்தார். நான் அவள் செருப்பைக் கழற்றினேன். குதிகால் வெடித்து ரத்தம்.

"ஏன்டி பொண்ணே, முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"யார்கிட்ட பெரியம்மா சொல்றது?" என்றாள். அப்புறம், "நான் உட்கார்ந்திருந்தா என்னைத் தாண்டிக்கிட்டு யாரும் போகக் கூடாது. அப்படி ஒரு இடம் போதும். நாளைக்கு நின்னுடும்தானே பெரியம்மா?" என்றாள்.

எதற்கும் பதில் வைத்திருக்கிற வாய் என்னுடையது. அன்றைக்கு, "நின்னுடும்டி கண்ணு" என்று சொல்லிவிட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் தாலி ஏறியது. தாய்மாமன் தூக்கி வந்து மணையில் வைத்திருந்ததால் அதுவரைக்கும் அவள் கால் தரையில் படவில்லை. மேளம் ஓங்கியது, அட்சதை விழுந்தது, ஐயர் எழுந்து அக்கினியை வலம் வரச் சொன்னார். பிரபாகர் அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். மேனகா காலை எடுத்து வைத்தாள். கல் வந்தது. அக்கினியைச் சுற்றி வட்டமாக, அழகாக, கறுப்பும் மஞ்சளுமான விளிம்போடு நடைபாதை வந்தது. மண்டபத்தில் பாதிப் பேர் தங்களை அறியாமல் கை தட்டிவிட்டு, அப்புறம் பெண் வீட்டார் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். மேனகா தலையைக் குனிந்துகொண்டாள், மாலைக்குள் அவள் அழுதது என் இடத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. பாழாய்ப்போன கல்லே, உனக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று நான் அதைப் பார்த்து வைதேன்.

பத்மாவதி, பெண்ணை வரவேற்க முன்னாலேயே வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவ்வளவுதான், கதவைத் திறக்க மாட்டார் என்று சமையல்காரர் வரைக்கும் பேசிக்கொண்டார்கள்.

காரில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு மண்டித் தெருவுக்குப் போனோம். போனால், ஊரே அங்கே நிற்கிறது. மண்டித் தெருவையும் மீன் மார்க்கெட்டையும் பிரிப்பது பத்மாவதி வீடு ஒன்றுதான், அதன் வழியாகப் பாதை விழுந்தால் சுற்றிக்கொண்டு போக வேண்டாம் என்று கணக்குப் போட்டுப் பையோடு வந்து நிற்கிறார்கள். சோளக்கருது வண்டிக்காரரும் வந்துவிட்டார். தாமோதரன் ரிப்பன் வெட்டுகிற கத்தரிக்கோலோடு நிற்கிறார், ரிப்பன் எங்கே கட்டுவது என்றுதான் அவருக்குக் குழப்பம்.

பத்மாவதி ஆரத்தித் தட்டோடு நிலைப்படிக்கு உள்ளே நின்றார். பெண் வெளியே நின்றாள். கற்பூரம் எரிந்து அணைந்தது, இன்னொன்று வைத்தார்கள். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். வலது கால் வைத்தால்தானே பாதை, இடது காலை வைத்து வரட்டும் என்றார் ஒருவர். ஐயோ, இடது காலா, குடும்பம் விளங்குமா என்றார் இன்னொருவர். தூக்கிக்கொண்டு போய் ஊஞ்சலில் வைத்துவிடுங்கள், இறங்காமல் இருக்கட்டும் என்றது ஒரு கிழம். வாசலில் நெல்லைப் பரப்பினால் ஏமாந்துவிடும் என்றார் ஜோசியர், எது ஏமாந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை.

"அம்மா, நாங்க வேணா வெளியிலயே இருந்துக்கிறோம்" என்றான் பிரபாகர்.

"நீ சும்மா இருடா" என்றார் பத்மாவதி. அவர் பெண்ணின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கால் ஏம்மா இப்படி வீங்கியிருக்கு?"

"நடந்தேன் அத்தை."

"யாருக்காக?"

மேனகா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"வலது காலை எடுத்து வச்சு உள்ள வா" என்றார் பத்மாவதி.

அவள் வைத்தாள். துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாய் வைத்திருந்த அந்தத் தரையில் கல் ஏறிப் போனது, இரண்டாவது காலுக்கு இன்னும் கொஞ்சம் போனது. கூட்டம் முண்டியது, உள்ளே போக மரியாதையாகச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டது, சோளக்கருது வண்டியின் முன்சக்கரம் முதல் படியில் ஏறிவிட்டது. பத்மாவதி ஆரத்தியைச் சுற்றினார், பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பொட்டு வைத்தார், தட்டோடு வெளியே வந்து ஆரத்தித் தண்ணீரை வாசலில் ஊற்றினார், அது தாமோதரனின் வெள்ளை வேட்டியில் பாதிக்கு மேல் விழுந்தது. வழக்கமாக நடப்பது இவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

பாதை கதவுக்கு அடியில் உள்ளே போகிறது, கதவு சாத்தியிருக்கிறது, இப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

"என்னம்மா இது, நடைபாதையை மறிக்கிறீங்க, சட்டப்படி தப்பும்மா!" என்று தாமோதரன் கதவைத் தட்டினார்.

உள்ளேயிருந்து பத்மாவதி சொன்னார்: "ஆரத்தி எடுத்ததும் கதவைச் சாத்துறது எங்க வழக்கம்."

"எப்பத் திறப்பீங்க?"

"பொண்ணுக்கே தோணி அவளாத் திறக்கணும். அதுவும் வழக்கம்."

சட்டம் என்றால் இன்னும் கத்தியிருப்பார்கள். வழக்கம் என்றதும் கூட்டம் அப்படியே அடங்கியது. "ஓ, வழக்கமா?" என்று பின்னால் போய்ச் சேர்ந்தது பேச்சு. அப்புறம் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். "தனபாக்கியம், உனக்குத் தெரியாததா, அப்படி ஒரு வழக்கம் இருக்கா?" என்று கேட்டார் தாமோதரன்.

அப்படி ஒரு வழக்கம் எந்த ஜாதியிலும் எந்த ஊரிலும் கிடையாது, எனக்கு நன்றாகத் தெரியும். நான் நின்ற இடத்தில் என் காலுக்குக் கீழே கல் சமமாக இருந்தது, முட்டி வலிக்கவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். இந்தக் கதவு திறக்காவிட்டால் ஊரெல்லாம் கல் கழன்று, பாட்டு வாத்தியார் தடியை மறுபடி நீட்டிக்கொண்டு நடப்பார், அந்தப் பிள்ளைகள் லாரிக்கு ஒதுங்கும். திறந்தால் இந்தப் பெண் கொட்டும் ரத்தத்தோடு காலமெல்லாம் நடப்பாள். எது புண்ணியம், எது பாவம்? அப்போது உள்ளே எங்கேயோ குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது, யாரோ சாவகாசமாகக் குளிக்கப் போகிறார்கள்.

"இருக்கு," என்றேன். "பெரிய வழக்கமாச்சே அது. மீறினா தெருவுக்கே ஆகாது."

கூட்டம் செருப்பைப் போட்டுக்கொண்டு கலைந்தது.

கதவு மறுநாளும் திறக்கவில்லை, அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள், மேனகா ஹாலில் நடைபாதைமேல் பாயை விரித்துப் படுத்துத் தூங்குகிறாள், பத்மாவதி அவளைத் தாண்டாமல் சுவரோரமாகச் சுற்றிப் போகிறார் என்று வந்து சொன்னார்கள். ஊரில் கல் ஆடத் தொடங்கியது. ஒரு முகூர்த்தத்துக்குப் புதுப்புடவை கட்டிக்கொண்டு போனேன், முந்தின நாள் மழை, கால் வைத்த கல் ஒரு பக்கம் சாய்ந்து அடியில் தேங்கியிருந்த சேற்றுத் தண்ணீரை என் இடுப்பு வரைக்கும் பீய்ச்சி அடித்தது, முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டேன். வந்த ஆத்திரத்தில், "அடியே மேனகா!" என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. அவளை ஏன் கூப்பிடுகிறேன்? அவள் யார், எனக்குக் கல் போட? அப்போது பார்த்து எனக்கு ஞாபகம் வந்தது, இந்த ஊரில் மாநகராட்சி என்று ஒன்று இருக்கிறதே!

முகூர்த்தத்தை விட்டுவிட்டு, சேற்றுப் புடவையோடு நொண்டிக்கொண்டே அங்கே போனேன். மேஜைக்குப் பின்னால் ஒரு மனிதர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "நடைபாதையெல்லாம் கல்லு கழண்டு கிடக்குது, யார் வந்து போடுறது?" என்று கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அது மண்டித் தெரு மேனகா போடுறது இல்லீங்களா?" என்று கேட்டார்.

பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும், என் தொழிலே அது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை.